முன்னாள் பயனாளி

உதயகலாவின் ஆடு ஒரு புதன்கிழமை காலை பத்து மணிக்கும் பத்தே முக்காலுக்கும் இடையில் மீட்கப்பட்டது. அதற்கு முதல் அது ஆபத்தில் இருந்தது அவளுக்குத் தெரியாது.

அரியாலையில் அவளுடைய வீட்டுக்கு முன்னால் ஒரு வெறும் காணி. சொந்தக்காரர் வெளிநாட்டில். புல் மட்டும் இங்கே. ஆட்டை அதில் கட்டிவிட்டு, ஒரு கலியாண பிளவுஸுக்குக் கொழுக்கி தைக்க உள்ளே வந்தாள். தைத்து முடித்து வெளியே போனபோது முளைக்கட்டை இருந்தது. ஆடு இல்லை. கட்டையில் ஒரு பிளாஸ்டிக் உறை கட்டியிருந்தது. உள்ளே அச்சடித்த தாள்.

“இங்கே துன்புற்ற உயிர் இப்போது எங்களிடம் பாதுகாப்பாக உள்ளது. உங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி. அபயத் தொழுவம், பண்ணை உயிர்களுக்கான புகலிடம்.”

பக்கத்து வீட்டுச் சுபாஜினி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தாள்.

“வான் ஒண்டு வந்து நிண்டது அக்கா. கண்டதும் நான் உள்ளுக்கை ஓடிட்டன். வெள்ளை வான் காலத்துப் பழக்கம். பேந்து யன்னலாலை பாத்தா, வான் பச்சை. மாடு சிரிக்கிற மாதிரிப் படம் போட்டிருக்கு. ஆட்டைக் கும்பிட்டிட்டுத்தான் தூக்கி ஏத்தினவை.”

“நீ ஒண்டும் கேக்கேல்லையே?”

“கும்பிடுற ஆக்களிட்டை என்னெண்டு கேக்கிறது?”

உதயகலாவுக்கு நாற்பத்தாறு வயது. தையல் அவளுடைய தொழில். தாய் இறந்து மூன்று வருடம். அக்கா முன்பு கனடாவில் இருந்து கிழமைக்கு ஒருமுறை போன் எடுப்பாள். இப்போது மாதத்துக்கு ஒருமுறை. ஆடு பழுப்பு நிறம். இடது காது மட்டும் வெள்ளை. அது வேலி பிரித்துப் போய்ச் சுபாஜினியின் பயற்றங்கொடியைத் தின்ற நாளில் இருந்து, தலையை நுழைக்க முடியாதபடி அதன் கழுத்தில் மூன்று தடியை முக்கோணமாகக் கட்டியிருந்தாள். தடி உரசாமல் இருக்கப் பிளவுஸ் துணி சுற்றியிருந்தாள். ஊரில் களவாய் மேயும் ஆட்டுக்கெல்லாம் அப்படித்தான் கட்டுவார்கள்.

அந்த மூன்று தடியை அவள் அடுத்த நாள் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் கண்டாள்.

அபயத் தொழுவம் கைதடிக்கு அப்பால் இருந்தது. இரண்டு பஸ் மாறவேண்டும். உள்ளே ஒன்பது விலங்குகளும் இருபத்துமூன்று அலுவலர்களும் இருந்தார்கள். வரவேற்பு மண்டபத்தில் நாற்பது கதிரைகள். சுவரில் ஓர் அறிவித்தல்: “இங்கு ஆடு, மாடு, கோழி ஆகிய சொற்கள் பயன்படுத்தப்படுவதில்லை. உயிர்ப் பங்காளர் என்று அழைக்கவும்.” அதற்குக் கீழேதான் கண்ணாடிப் பெட்டி. துண்டுச் சீட்டில் எழுதியிருந்தார்கள்: “துன்புறுத்தற் கருவி. கண்டெடுத்த இடம்: அரியாலை. சுற்றியுள்ள துணி, இரத்தம் தெரியாமல் மறைப்பதற்காக இருக்கலாம்.”

அது ஒரு மணப்பெண்ணின் தோழிக்குத் தைத்த பிளவுஸில் மிஞ்சிய மாம்பழ மஞ்சள். உதயகலா குனிந்து பெட்டியைப் பார்த்தாள். தன்னுடைய முடிச்சு நன்றாக இருக்கிறது என்று மட்டும் நினைத்தாள்.

பதிவு அலுவலர் வினோஜாவுக்கு இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும். கதைக்கும்போது குரலைத் தணித்துக் கதைத்தாள்.

“என்ன விசயமா வந்தனீங்கள் அக்கா?”

“என்ரை ஆட்டைக் கூட்டிக்கொண்டு போக.”

வினோஜா சுவரைக் கண்ணால் காட்டினாள்.

“என்ரை... பங்காளரை.”

“பேர் என்ன?”

“உதயகலா.”

“உங்கடை இல்லை அக்கா. அதின்ரை.”

“அதுக்குப் பேர் வைக்கேல்லை.”

“அப்ப எப்பிடிக் கூப்பிடுறனீங்கள்?”

“‘இஞ்சை வா’ எண்டு.”

வினோஜா பேனையைத் தூக்கிப் பிடித்தபடி யோசித்தாள். பெயருக்கான இடத்தில் பத்துக் கட்டங்கள் இருந்தன. கடைசியில் “இல்லை” என்று எழுதினாள். “இஞ்சை வந்த உடனை நாங்கள் பேர் வைச்சிட்டம். விடியல். நல்ல பேர், என்ன?”

விண்ணப்பம் நான்கு பக்கம். கடைசியாகக் கண்ட இடம். கடைசியாகக் கண்ட நேரம். அப்போது அணிந்திருந்தவை. கண்கண்ட சாட்சி. உதயகலா அதை ஏழு நிமிடத்தில் நிரப்பினாள். வினோஜா ஆச்சரியப்பட்டாள், மற்றவர்கள் ஒரு மணித்தியாலம் எடுப்பார்களாம். உதயகலாவுக்குப் பழக்கம் இருந்தது. காணாமற்போன தம்பிக்காக அவள் இதே கேள்விகளைப் பல அலுவலகங்களில் நிரப்பியிருக்கிறாள். அந்த விண்ணப்பங்களுக்கு இதுவரை பதில் வரவில்லை. ஆட்டின் விண்ணப்பத்துக்கு மூன்றாம் நாளே போனில் செய்தி வந்தது. அன்புடன் என்று முடிந்திருந்தது.

செய்தியில் இருந்தபடி அவள் பணிப்பாளர் பார்த்தீபனைச் சந்திக்கப் போனாள். அவர் இருபது வருடம் வெளிநாட்டில் இருந்துவிட்டு வந்தவர். வேட்டியும் விலை கூடின சப்பாத்தும் போட்டிருந்தார். அவளை இருக்கச் சொல்லிவிட்டு, தான் எழும்பி நின்று கதைத்தார்.

“அம்மா, நீங்கள் உங்களை உரிமையாளர் எண்டு எழுதியிருக்கிறியள். அப்பிடி ஒரு சொல் எங்களிட்டை இல்லை. ஒரு உயிருக்கு இன்னொரு உயிர் உரிமையாளராக ஏலாது. நீங்கள் அதின்ரை பாலைக் குடிச்சனீங்கள்தானே?”

“ஓம். தேத்தண்ணிக்கு.”

“அப்ப நீங்கள் பயனாளி. இப்ப முன்னாள் பயனாளி. எங்கடை யாப்பிலை பிரிவு ஏழு: எந்த உயிர்ப் பங்காளரையும் அதனது முன்னாள் பயனாளியிடம் மீண்டும் ஒப்படைத்தல் ஆகாது. நான் மனிசரை மதிக்கிறவன். ஆனா இந்த மண்ணிலை மனிசருக்காகக் கதைக்க எத்தினையோ பேர் இருக்கினம். அவை கதைச்சு என்ன கண்டது? அதாலைதான் நாங்கள் விலங்குக்கு வந்தனாங்கள். விலங்குகள் முறைப்பாடு செய்யிறேல்லை. வேலை சுத்தமா நடக்கும்.”

“அது இப்ப சாப்பிடுதோ?”

பார்த்தீபன் வினோஜாவைப் பார்த்தார். வினோஜா கோப்பைப் பார்த்தாள். “முதல் மூண்டு நாள் விரதம் சேர்,” என்றாள். “இப்ப வேலிக்குள்ளாலை போய் உங்கடை கத்தரித் தோட்டத்திலை சாப்பிடுது. நாலு தரம். சுய வெளிப்பாடு எண்டு பதிஞ்சிருக்கிறம்.”

“கோப்பையிலை வைச்சா அது தொடாது,” என்றாள் உதயகலா. “குழையைக் கட்டித் தொங்கவிடவேணும். வாய் எட்டி எட்டித் தின்னும்.”

“எட்டிச் சாப்பிட வைக்கிறது அவமானம் இல்லையோ அம்மா?” என்று பார்த்தீபன் மென்மையாகக் கேட்டார்.

ஆனாலும் அவர் நியாயமானவர். யாப்பில் ஒரு விதிவிலக்கு இருந்தது. உயிர்ப் பங்காளரே விரும்பினால் போகலாம். அதை அறிய ஒரு தெரிவு அமர்வு உண்டு.

அமர்வு அடுத்த செவ்வாய்க்கிழமை நடந்தது. மண்டபத்தின் நடுவில் சுண்ணாம்பால் ஒரு வட்டம். ஒரு பக்கக் கதிரையில் உதயகலா. மற்றப் பக்கக் கதிரையில் நிறுவனத்தின் சார்பில் ஒரு சாரதி, மடியில் தீவனக் கோப்பையுடன். அவருடைய பெயர் ஜெரிசன். ஆட்டைக் கும்பிட்டுவிட்டு வானில் ஏற்றியவர் அவர்தான். திரையில் மெல்பேர்னில் இருந்து ஆலோசகர் ஒருவர் தெரிந்தார். அங்கே அப்போது பின்னேரம். அவர் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். இரண்டு நிமிட மௌனம் நடந்தது. மங்கள விளக்கு ஏற்றினார்கள். பிறகு ஆட்டை வட்டத்துக்குள் விட்டார்கள்.

அதன் கழுத்தில் பூமாலை இருந்தது. அதைத் தின்று முடித்துவிட்டுத் தலையை நிமிர்த்தியது. உதயகலா கூப்பிடவில்லை, கூப்பிடக் கூடாது என்று விதி. ஆடு நேரே நடந்து அவளிடம் வந்தது. சேலைத் தலைப்பை மணந்தது. பிறகு அவளுடைய கைக்குக் கீழால் தலையை விட்டு அப்படியே நின்றது.

வினோஜா கை தட்டத் தொடங்கி, ஒருவரும் தட்டவில்லை என்று கண்டு நிறுத்தினாள்.

ஆலோசகர் கோப்பையை வைத்தார். “பாத்தியளோ? இதைத்தான் நாங்கள் பழகிய துன்பத்தை நாடுதல் எண்டு சொல்லுறது. தெளிவான அறிகுறி. நான் இவ்வளவு எதிர்பாக்கேல்லை. இந்த நிலையிலை திருப்பிக் குடுக்கிறது ஆபத்து.”

“அது அவர் பக்கம் போயிருந்தா?” என்று உதயகலா ஜெரிசனைக் காட்டிக் கேட்டாள். அமர்வில் அவள் கதைத்த ஒரே வசனம் அது.

“அப்ப அது சுதந்திரமான தெரிவு. அதை நாங்கள் மதிச்சிருப்பம்.”

ஆட்டைக் கூட்டிக்கொண்டு போக மூன்று பேர் வேண்டியிருந்தது. அது கால்களை ஊன்றி நின்றது. கடைசியில் ஜெரிசன் தூக்கினார். கும்பிட்டுவிட்டுத்தான்.

வாசலில் வினோஜா பின்னால் ஓடிவந்தாள். “அக்கா, ஒரு வழி இருக்கு. துணைவீட்டுத் திட்டம். தனிய இருக்கிற ஆக்களுக்கு நாங்கள் ஒரு பங்காளரை வளர்க்கக் குடுக்கிறம். ஆறு மாசம் நல்லா வளர்த்தா உணர்திறன் சான்றிதழ் தருவினம். அது இருந்தா பிரிவு ஏழு உங்களுக்கு இல்லை. விடியலைக் கேக்கலாம்.”

“விடியலையே துணைவீட்டுக்குத் தந்தா என்ன?”

“அது உங்கடை அக்கா. உங்கடை அல்லாததைத்தான் தரலாம்.”

தகுதி பார்க்கத் தனிமை அளவீடு என்று ஒரு படிவம் இருந்தது. வினோஜா கேள்விகளை வாசித்தாள்.

“நேற்று எத்தனை பேருடன் கதைத்தீர்கள்?”

“ஒருத்தரோடை. பிளவுஸ் எடுக்க வந்த பிள்ளை.”

“என்ன கதைத்தீர்கள்?”

“கை இறுக்கம் எண்டா. தளர்த்தித் தாறன் எண்டன்.”

“கடைசியாக உங்களைப் பெயர் சொல்லி அழைத்தவர் யார்?”

உதயகலா நேரம் எடுத்து யோசித்தாள். “பாங்கிலை. முதல் நம்பரைக் கூப்பிட்டவை. நான் எழும்பேல்லை எண்டு பேரைக் கூப்பிட்டவை.”

“காய்ச்சல் வந்தால் யாரிடம் சொல்வீர்கள்?”

“ஆட்டிட்டை.”

“அப்பிடி எழுத ஏலாது அக்கா. ஒருவரும் இல்லை எண்டு போடுறன்.”

நாற்பதுக்கு முப்பத்தெட்டுப் புள்ளி வந்தது. றேடியோ கேட்பதால் இரண்டு குறைந்தது. இந்தப் பகுதியில் இதுவரை எடுத்த ஆகக் கூடிய புள்ளி அதுதான் என்றார்கள். உள் அறையில் இருந்தவர்கள் எழும்பி வந்து பாராட்டினார்கள். பார்த்தீபன் கை குலுக்கினார். உதயகலா பள்ளிக்கூடத்தில்கூட முதலாவதாக வந்ததில்லை. எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நின்றாள்.

அவளுக்குக் கிடைத்தது ஒரு கறுப்பு ஆடு. பெயர் நம்பிக்கை. கூடவே சட்டம் போட்ட மீட்புச் சான்றிதழ் ஒன்று: “தொண்டைமானாற்றுப் பாலத்தடியில், ஒரு வள்ளத்துடன் பிணைக்கப்பட்ட நிலையில் மீட்கப்பட்டது.” சான்றிதழை முன் அறையில் மாட்டவேண்டும், ஆட்டைக் கட்டக்கூடாது, மாதம் ஒருமுறை அலுவலர் வந்து பார்ப்பார்.

கறுப்பு ஆடு பூவரசங் குழையைத் தின்னவில்லை. முருங்கையைத் தின்னவில்லை. இரண்டு நாள் வடக்குப் பக்கம் பார்த்தபடி கத்தியது. ஆட்டின் கண்மணி கிடையாக இருக்கும். அது எங்கே பார்க்கிறது என்று சொல்வது கடினம். ஆனால் உடம்பு வடக்கே திரும்பியிருந்தது. மூன்றாம் நாள் உதயகலாவுக்கு ஒரு யோசனை வந்தது. உப்பைத் தண்ணீரில் கரைத்துக் குழைக்குத் தெளித்தாள். ஆடு மணந்தது. பிறகு அவசரம் அவசரமாகத் தின்றது.

கடலேரிக் கரையில் கண்ணா மரத்து இலை தின்று வளர்ந்த ஆடு. அந்த இலையில் உப்பு இருக்கும். யாரோ அதைத் தினமும் முறித்துக் கொடுத்திருக்கிறார்கள்.

அந்த “யாரோ” என்ற சொல் அவளை வேலை செய்ய விடவில்லை. ஒரு பிளவுஸின் கழுத்தைக் கோணலாக வெட்டிவிட்டாள். வெள்ளிக்கிழமை ஆட்டை வீட்டில் விட்டுவிட்டுத் தொண்டைமானாற்றுக்கு பஸ் எடுத்தாள். பஸ் நிறையச் சந்நிதிக் கோயிலுக்குப் போகிற சனம். பாலத்தடியில் இறங்கியவள் அவள் ஒருத்திதான்.

கரையில் ஒரு வள்ளம் கவிழ்த்துக் கிடந்தது. பக்கத்தில் அறுபது வயது கடந்த ஒருவர், சைக்கிள் கரியரில் ஒரு கட்டுக் கண்ணாக் குழையோடு நின்றார். குழை வாடியிருந்தது.

“ஐயா, ஆடு ஒண்டு துலைச்சனீங்களோ?”

“துலைக்கேல்லை பிள்ளை. கொண்டு போட்டினம்.” அவர் அவளை மேலும் கீழும் பார்த்தார். “நீர் அவையின்ரை ஆளோ?”

“இல்லை. என்ரையையும் கொண்டு போட்டினம்.”

அவருடைய முகம் இளகியது. பெயர் முத்துக்குமாரு என்றார். கவிழ்ந்த வள்ளத்தில் இருக்கச் சொன்னார்.

“மூண்டு தரம் போனனான். பேரென்ன எண்டு கேட்டினம். பதட்டத்திலை மனிசியின்ரை பேரைச் சொல்லிப்போட்டன். சிவக்கொழுந்து எண்டு. பேந்து அதின்ரை அடையாள அட்டை கேட்டினம். மனிசி செத்து ஆறு வருசம். மரண அத்தாட்சியைக் கொண்டுபோய்க் குடுத்தன். அப்ப உங்கடை விலங்கு செத்திட்டுது, பேந்தேன் வந்தனீங்கள் எண்டினம்.”

உதயகலாவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். அவர் சிரித்தார்.

“சிரியும், சிரியும். மகன் பிரான்சிலை, அவனும் சிரிச்சவன். வேறை ஒண்டு வாங்கித் தாறன் எண்டான். நான் அதோடைதான் கதைக்கிறனான். அது பதில் சொல்லாது. மனிசியும் சொல்லுறேல்லை. அதாலை எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியேல்லை.”

“இந்தக் குழை?”

“ஒவ்வொரு நாளும் முறிக்கிறன். கை பழகிப் போச்சு.”

காற்று கடலேரித் தண்ணீரைச் சிறு சிறு வரிகளாக மடித்துக்கொண்டு போனது. ஆறு மாதத்தில் பதினொரு நாள் முடிந்திருந்தது. மீதி நாட்களை அவள் மனதுக்குள் எண்ணினாள். எண்ணி முடிக்கும் வரை அவர் ஒன்றும் கேட்கவில்லை.

“கறுப்பு ஆடுதானே ஐயா? நெத்தியிலை சின்னச் சுழி?”

முத்துக்குமாரு எழும்பிவிட்டார்.

“என்னட்டை இருக்கு. நாளைக்கு வந்து கூட்டிக்கொண்டு போங்கோ.”

அவர் அடுத்த நாள் யாரிடமோ கேட்டு எடுத்த லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில் வந்தார். ஆடு அவரைக் கண்டதும் கத்துவதை நிறுத்தியது. ஏறும்போது ஒருதரம் திரும்பி உதயகலாவின் கையை மணந்தது, உப்புக்காக இருக்கலாம்.

“பிள்ளை, இதைத் தந்தா உம்மடையை அவை தருவினமோ?” என்று முத்துக்குமாரு பெட்டியில் இருந்தபடி கேட்டார்.

“தெரியாது ஐயா,” என்றாள். தெரியும்.

மாத முடிவில் வினோஜா பரிசோதனைக்கு வந்தாள். ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு வளவைச் சுற்றிப் பார்த்தாள். “நம்பிக்கை எங்கை அக்கா?”

“போட்டுது.”

“எங்கை?”

“அதின்ரை ஆளோடை.”

வினோஜா கதிரையில் இருந்தாள். வெகுநேரம் படிவத்தைப் பார்த்தாள். “இதிலை மூண்டு பெட்டிதான் இருக்கு. உள்ளது. தப்பியது. இறந்தது. போனது எண்டு ஒரு பெட்டி இல்லை.”

“தப்பியது எண்டு போடுமன்.”

“தப்பியது எண்டா தேடுதல் வைப்பினம். வான் போகும். முதல்லை பிடிச்ச இடத்திலை இருந்துதான் தேடத் தொடங்குவினம்.”

“இறந்தது எண்டா?”

“தேடமாட்டினம் அக்கா. பைலை மூடுவினம்.”

வினோஜா பேனையை நீட்டினாள். வளர்ப்பவர்தான் அடையாளம் போடவேண்டும். அந்தப் பெட்டியில் தம்பிக்கு அடையாளம் போடச் சொல்லி வேறோர் அலுவலகம் உதயகலாவைப் பதினைந்து வருடமாகக் கேட்கிறது. போட்டால் அலுவல் சுகமாக முடியும் என்று நல்ல மாதிரிச் சொல்வார்கள். தாய் போடவில்லை. அவளும் போடவில்லை.

ஆட்டுக்குப் போட்டாள்.

“தேத்தண்ணி குடிச்சிட்டுப் போமன்,” என்றாள் பிறகு.

“இன்னும் ரெண்டு வீடு பாக்கவேணும் அக்கா.” வினோஜா படலை வரை போய்த் திரும்பி நின்றாள். “நானெண்டாலும் குடுத்திருப்பன்,” என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரை எடுத்தாள்.

மூடிய கோப்பு அபயத் தொழுவத்தில் திறந்தது. அது அவர்களுடைய முதல் மரணம். துணைவீட்டில் நடந்த மரணத்துக்குத் துணைவீட்டிலேயே முப்பத்தோராம் நாள் செய்வது என்று நிர்வாகசபை தீர்மானித்தது. உதயகலாவுக்குச் செலவு ஒன்றும் இல்லை, அவள் இருந்தால் போதும் என்று கடிதம் வந்தது.

அன்று காலை ஏழு மணிக்குப் பந்தல்காரர் வந்தார்கள். எட்டு மணிக்கு நாற்பது கதிரைகள் வந்தன. எட்டரைக்குப் படலையில் ஆளுயரத்துக்கு ஒரு பானர் கட்டினார்கள். கண்ணீர் அஞ்சலி. அமரர் நம்பிக்கை. இரு பக்கமும் எரியும் குத்துவிளக்கு. நடுவில் படம்.

பழுப்பு நிறம். இடது காது மட்டும் வெள்ளை.

உதயகலா படலைக் கப்புத் தடியைப் பிடித்துக்கொண்டாள். “தம்பி, இது எந்த ஆடு?” என்று கட்டிக்கொண்டிருந்தவனைக் கேட்டாள்.

“செத்த ஆடு அக்கா,” என்றான் அவன்.

பார்த்தீபன் வந்ததும் கேட்கலாம் என்று நினைத்தாள். அவர் வந்தபோது அவரைச் சுற்றிப் படப்பிடிப்பாளர்கள் இருந்தார்கள். அவளை முன் வரிசையில் நடுவில் இருத்தினார்கள். அயலவர்கள் வரத் தொடங்கினார்கள். படலையில் கண்ணீர் அஞ்சலி தொங்கினால் போகாமல் விட முடியாது. மூன்று வருடமாக இந்த வளவுக்குள் வராதவர்கள்கூட வந்து, முகத்தை இறக்கி, கைகளைக் கட்டிக்கொண்டு இருந்தார்கள். சுபாஜினி பக்கத்தில் வந்து அவளுடைய தோளைப் பிடித்தாள்.

“ஆர் அக்கா செத்தது? பாக்காமலே ஓடிவந்திட்டன்.”

“ஆடு.”

“ஐயோ,” என்றாள் சுபாஜினி. பிறகு, “இருக்கட்டும். வந்தது வந்தாச்சு,” என்று தோளில் வைத்த கையை எடுக்காமல் இருந்தாள்.

தேவாரம் படித்தார்கள். கல்வெட்டு என்கிற நினைவுப் புத்தகத்தை வெளியிட்டார்கள். அதில் தேவாரத்துக்கு அடுத்த பக்கம் நிறுவனத்தின் நோக்கக்கூற்றும், அதற்கு அடுத்த பக்கம் பணிப்பாளரின் படமும் இருந்தன. ஜெரிசன் படத்துக்குப் பூப் போட்டார். மெல்பேர்ன் ஆலோசகர் போன் வழியாகத் தழுதழுத்தார். பிறகு பார்த்தீபன் எழும்பினார்.

“அன்பார்ந்த உறவுகளே! இண்டைக்கு நாங்கள் ஒரு தனி ஆளுமையை இழந்து நிக்கிறம். நம்பிக்கையின்ரை முகத்தை நான் சாகும்வரை மறக்கமாட்டன். உயிர்கள் எண்ணிக்கை இல்லை. ஒவ்வொரு உயிரும் தனித்துவமானது. ஒண்டுக்குப் பதிலா இன்னொண்டை வைக்க ஏலாது. இதைத்தான் எங்கடை நிறுவனம் இந்தச் சமூகத்துக்குச் சொல்லிக்குடுக்க வந்தது...”

முப்பத்தைந்து நிமிடம். அந்த நேரம் முழுக்க உதயகலாவுக்குத் தன் ஆடு உயிரோடு இருக்கிறதா இல்லையா என்று தெரியாது. கேட்க எழும்பினாள். உணர்ச்சிவசப்பட்டுவிட்டாள் என்று நினைத்து இரண்டு பேர் பிடித்து இருத்தினார்கள். அவள் அழத் தொடங்கினாள். தாயின் செத்தவீட்டில் அவளுக்கு இப்படி அழ நேரம் கிடைக்கவில்லை. அப்போது தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தாள். படப்பிடிப்பாளர் முழங்காலில் நின்று எடுத்தார். “அருமை. வருடாந்த அறிக்கைக்கு அட்டைப்படம் இதுதான்,” என்று பின்னால் யாரோ சொன்னார்கள்.

பேச்சு முடிந்ததும் அவள் நேரே பார்த்தீபனிடம் போனாள்.

“அது நம்பிக்கை இல்லை. நம்பிக்கை கறுப்பு. அது என்ரை ஆடு. என்ரை ஆடு செத்திட்டுதோ?”

பார்த்தீபன் பானரைப் பார்த்தார். கல்வெட்டைப் பார்த்தார். வினோஜாவைப் பார்த்தார்.

“அச்சகத்துக்கு அவசரத்திலை அனுப்பினது சேர்,” என்றாள் வினோஜா. “படம் மாறிப்போச்சு. விடியல் சுகமா இருக்கு அக்கா. போன மாசம் துணைவீட்டுக்குக் குடுத்தாச்சு. கொக்குவிலிலை.”

பார்த்தீபனுக்கு மூச்சு வந்தது. “அவ்வளவுதானே? நான் பயந்திட்டன். உதிலை என்ன வித்தியாசம் அம்மா. ஆடுதானே.”

பந்தலுக்குள் இருந்தவர்கள் எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். அவருக்கு அது ஏன் என்று விளங்கவில்லை.

“கொக்குவிலிலை ஆரின்ரை வீடு?”

“விலாசம் சொல்லக் கூடாது அக்கா,” என்றாள் வினோஜா. அவளுடைய கண் கலங்கியிருந்தது.

“நீங்கள் திரும்ப விண்ணப்பிக்கலாம்,” என்றார் பார்த்தீபன் பெருந்தன்மையாக. “இப்ப இல்லை. இது துடக்கு வீடு. எங்கடை பண்பாட்டை நாங்கள் விடேலாதுதானே. ஆட்டைத் திவசம் முடியவேணும். ஒரு வருசம்.”

சாப்பாடு நன்றாக இருந்தது என்று எல்லோரும் சொன்னார்கள். மூன்று மணிக்குப் பந்தலைப் பிரித்தார்கள். கதிரைகளை அடுக்கி ஏற்றினார்கள். பானரைக் கழற்ற ஓடர் இல்லை என்று அதை விட்டுவிட்டுப் போனார்கள்.

அடுத்தடுத்த இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் உதயகலா கொக்குவிலுக்குப் போனாள். கையில் ஒரு பூவரசங் கொப்பு. ரயில் பாதைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒழுங்கை ஒழுங்கையாக நடந்தாள். எல்லா வளவுக்கும் உயர்ந்த மதில். மேலே உடைந்த போத்தல் துண்டுகள். கூப்பிடப் பெயர் இல்லை. விடியல் என்று கூப்பிட்டால் அதற்குத் தெரியாது. “இஞ்சை வா,” என்று மதில்களைப் பார்த்துச் சொல்லிக்கொண்டு போனாள். நாய்கள் குரைத்தன. ஒரு படலை திறந்து, “ஆரைக் கூப்பிடுறியள்?” என்று ஒரு மனிதர் கேட்டார். அவள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தாள்.

ஐப்பசி பிறந்தது. மழைக்கு முதல் ஆட்டுக்கொட்டிலின் கூரையைப் பார்க்கவேண்டியிருந்தது. கிடுகு உக்கி இரண்டு இடத்தில் வானம் தெரிந்தது. ஊரில் கலியாண பானரும் செத்தவீட்டுப் பானரும் கடைசியில் கொட்டிலுக்கு மேலேதான் போய்ச் சேரும். தண்ணீர் இறங்காது, நாலு வருடம் நிற்கும்.

அவள் படலையில் இருந்து பானரைக் கழற்றினாள். ஏணி வைத்து ஏறினாள். எழுத்து வெளியே தெரிந்தால் போகிற வருகிற ஆட்கள் கேட்பார்கள் என்று, வெள்ளைப் பக்கம் மேலே இருக்கும்படி விரித்தாள். நாலு மூலையையும் நைலோன் கயிற்றால் இறுக்கிக் கட்டினாள். இறங்கி, தண்ணீர் ஒழுகுமா என்று பார்க்கக் கொட்டிலுக்குள் போனாள்.

உள்ளே நின்று நிமிர்ந்து பார்த்தாள். ஒழுகாது. முன்பு வானம் தெரிந்த ஓர் ஓட்டையில் இப்போது ஒரு வெள்ளைக் காது தெரிந்தது.

கழுத்து நோகும் வரை அப்படியே நின்றாள்.